ஆண்டர்சனின் மூன்று கரடிகள்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் உள்ள சாணார்பட்டி என் ஊர். கடலை பறித்து முடிந்து காடுகள் வெறுமையாகக் கிடக்கும் நாள்களில் எங்கள் தெருவுக்குக் கரடிக்காரர் வருவார். 1960-களின் தொடக்கம் அது. மூக்கில் கயிறு கோத்த கரிய உருவம் ஒன்று அவருடைய உடுக்கைக்கு ஏற்பக் கால்மாற்றி நிற்கும். பயந்த கோளாறு உள்ள பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்கிவந்து அதன் முதுகில் ஒருமுறை உட்காரவைத்து எடுப்பார்கள். நாலணா கொடுத்தால் கரடி முடி அடைத்த தாயத்துக் கிடைக்கும். நானும் அந்த முதுகில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் ஒரு தாயத்துக் கட்டப்பட்டது.

அதே வீட்டில், கரடியால் முகத்தை இழந்த ஒருவரும் இருந்தார். அவர் என் தாத்தாவின் தம்பி. இளவயதில் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர், ஒரு கண்ணும் கன்னத்தில் பாதியும் இல்லாமல் திரும்பி வந்தார். அதன்பின் தோளில் கிடக்கவேண்டிய துண்டை இடப்பக்க முகத்தின்மீது தொங்கவிட்டபடியே தம் வாழ்நாளைக் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. விசேஷ வீடுகளில் எல்லாப் பந்தியும் முடிந்தபின், பாத்திரம் கழுவும் இடத்தருகே தனியாக அமர்ந்து உண்பார். ஒரு விலங்கின் முடி என் அச்சத்தைப் போக்கும் என்று அம்மா நம்பினார். அதே விலங்கு எங்கள் வீட்டு மனிதர் ஒருவரைப் பந்தியில் உட்கார முடியாதவராக்கியிருந்தது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்தது அந்த வயதில் எனக்கு விந்தையாகத் தோன்றவில்லை.

மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை கிழிந்த நூல் ஒன்று கைக்கு வந்தது. எழுதியவர் கென்னத் ஆண்டர்சன். புரட்டினால், ஆங்கிலத்துக்கு நடுவே பென்னாகரம், அஞ்செட்டி, ஜவளகிரி, முத்தூர் என்று நம் பக்கத்து ஊர்ப்பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. வேட்டை இலக்கியம் என்றால் இமயமலை அடிவாரம், ஜிம் கார்பெட், குமாவோன் என்றே எண்ணியிருந்த எனக்கு அது வியப்பளித்தது. நான் அந்நூலை வாங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் பெங்களூரில் மறைந்திருந்தார் என்பது பின்னாளில் தெரிந்தது.

1910 மார்ச் 8 அன்று செகந்திராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தவர் ஆண்டர்சன். தலைமுறை தலைமுறையாக இந்தியாவில் வாழ்ந்துவந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம் அவருடையது. தந்தை ராணுவக் கணக்குத் துறை அலுவலர். மகனைப் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித சூசையப்பர் கல்லூரியிலும் படிக்கவைத்தார். அஞ்சல், தந்தித் துறையில் ஏறக்குறைய 15 ஆண்டுகளும், அதன்பின் பெங்களூர் விமானத் தொழிற்சாலையிலும் ஆண்டர்சன் பணிபுரிந்தார். அரசர்களோடு யானைமீதேறி வேட்டையாடியவர் அல்லர், மாதச் சம்பளக்காரர். விடுப்புக் கிடைத்தால், பழைய ஸ்டூடிபேக்கர் காரில் .405 வின்செஸ்டர் துப்பாக்கியைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் புறப்படும் மனிதர். நாடு விடுதலை பெற்றபின் கார்பெட் கென்யாவுக்குச் சென்று 1955-இல் அங்கேயே காலமானார். ஆண்டர்சன் எங்கும் போகவில்லை. இந்த மண்ணிலேயே இருந்தார்.

அவருக்குக் காடு கற்பித்தவர்கள் காட்டு மக்கள். அக்காலச் சேலம் மாவட்டத்தில், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா என்னும் பூசாரி அவர்களில் முதன்மையானவர். உரிமம் இல்லாத துப்பாக்கியோடு மான் சுடும் ஏழையாகத்தான் பைரா அவருக்கு அறிமுகமாகிறார். பின்னர் வாழ்நாள் தோழராகிறார். மண்ணில் பதிந்த கால்தடம் எவ்வளவு நேரத்துக்கு முந்தையது, ஒடிந்த புல் நிமிர எவ்வளவு பொழுதாகும், குரங்கு எதைக் கண்டு கத்துகிறது, மயில் எதைக் கண்டு கத்துகிறது என்ற பாடங்களையெல்லாம் தமக்குச் சொல்லித் தந்தவர்களை ஆண்டர்சன் பெயர் சொல்லியே எழுதினார். கூலிகள் என்ற ஒற்றைச் சொல்லில் அவர்களை அடக்கிவிட்டுப் போன வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் ஏராளம்.

1954-இல் அவருடைய முதல் வேட்டை நூல் வெளிவந்தது. அடுத்த 16 ஆண்டுகளில் மேலும் ஆறு. மறைவுக்குப் பின் இன்னொன்று. 1939 முதல் 1966 வரை ஆட்கொல்லிச் சிறுத்தைகள் எட்டையும் புலிகள் ஏழையும் அவர் சுட்டதாக அரசுப் பதிவு உண்டு. உண்மையில் அதைவிடக் கூடுதல் என்பாரும் உளர். அவர் எழுதியதில் பாதி கற்பனை என்பாரும் உளர். தமிழில் பொய்க்கதை அளப்பதற்குக் கரடி விடுதல் என்றே பெயர் வைத்திருக்கிறோம். வேட்டைக்காரர்கள் எல்லாருமே கொஞ்சம் கரடி விடுவார்கள். ஆண்டர்சனும் விலக்கல்லர் என்றே கருதுகிறேன். ஆனால், தமக்குப் பெருமை சேர்க்காத செய்திகளையும் அவர் விடாமல் எழுதினார். ஒருவர் சொல்வதை நம்புவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அவருடைய புலிக் கதைகளைத்தான் உலகம் படிக்கிறது. எனக்கு அவர் எழுதிய கரடிகளே முக்கியம். என் வீட்டுக் காரணம் ஒருபுறம் இருக்க, இன்னொரு காரணமும் உண்டு. வேட்டைக்காரர்கள் புலியை மதித்தார்கள், யானையை வணங்கினார்கள். கரடியை மட்டும் கோமாளியாகவோ பேயாகவோதான் பார்த்தார்கள். ஆங்கில அரசு ஆபத்தான விலங்குகளைக் கொல்வோருக்குப் பணம் கொடுத்த பட்டியலில் கரடியும் இருந்தது. எங்கள் மாவட்டத்துப் பழனி மலையைக் காடு காடாகச் சுற்றிய டக்ளஸ் ஹாமில்டன் என்னும் ராணுவ அதிகாரியின் பெயரில் பேரிஜம் பகுதியில் ஹாமில்டன் கோட்டை என்றோர் இடம் உண்டு. 1892-இல் வெளியான அவருடைய வேட்டைக் குறிப்புகளைப் பார்த்தால், அந்தக் காலத்தில் கரடியைச் சுடுவது நடைப்பயிற்சிக்கு இடையே செய்யும் வேலை போலத் தோன்றும்.

கரடியைக் காட்டில் கண்டுபிடிப்பது கடினமன்று. அதனிடம் அகப்படாமல் இருப்பதுதான் கடினம். நம் நாட்டுக் கரடிக்கு மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டு கிடையா. அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சி எடுக்கும். புற்றைக் கொக்கி போன்ற நீண்ட நகங்களால் பிளந்து, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, முதலில் மண்ணை ஊதித் தள்ளும், பிறகு உறிஞ்சும். அந்தப் பேரோசை நெடுந்தொலைவு கேட்கும். 1791-இல் இதற்கு அறிவியல் பெயரிட்ட ஜார்ஜ் ஷா, தென்னமெரிக்காவின் சோம்பேறி விலங்கான ஸ்லாத்தின் இனம் என்று தவறாகக் கருதினார். அந்தத் தவறுதான் இன்றும் ஆங்கிலப் பெயராக நிலைத்துவிட்டது. சங்கப் புலவர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. எண்கு என்றும் உளியம் என்றும் பெயரிட்டு, அது புற்றைக் கிண்டிக் குரும்பியைத் தின்பதையும் இருப்பைப் பூவை நாடி வருவதையும் அருகிருந்து பார்த்தவர்களாகப் பாடியிருக்கிறார்கள். இருப்பை என்பது இன்றைய இலுப்பை.

புற்றுக்குள் முகம் புதைத்திருக்கும் கரடிக்குத் தன் ஓசையைத் தவிர வேறு ஓசை கேட்பதில்லை. பார்வையும் கூர்மையில்லை. மோப்பம் மட்டுமே துணை. காற்று எதிர்த்திசையில் வீசினால் பத்தடி தொலைவு வரை ஒரு மனிதர் வந்தாலும் அதற்குத் தெரியாது. தெரிந்தபின் அது ஓடுவதில்லை. புலி போன்ற பெரும்பகையோடு வாழ்ந்து பழகியது. மரமேறித் தப்பவும் வழியில்லை, ஏனெனில் சிறுத்தையும் ஏறும். ஆகவே, திடுக்கிட்டால் எழுந்து நின்று முகத்தைத் தாக்குகிறது. கரடியிடம் அகப்பட்டுப் பிழைத்தவர்கள் கண்ணையும் மூக்கையும் இழப்பது இதனால்தான்.

ஆண்டர்சன் எழுதிய கரடிகளில் முதலாவது, மைசூர்க் கரடி என்று பெயர் பெற்றது. 1957-இல் வெளியான நூலில் அதன் கதை இருக்கிறது. பெங்களூருக்கு வடமேற்கே, அரசிக்கெரெயை ஒட்டிய நாகவாரக் குன்றுகளில் அது வாழ்ந்தது. குறைந்தது 12 பேரைக் கொன்றது. அதைப்போல் இரு மடங்கினரைச் சிதைத்தது. பகலில் பாறைப் பொந்துகளில் கிடந்து, இரவில் அத்திப் பழத்துக்கும் கடலைக் காட்டுக்கும் இறங்கி வந்தது. கடலை விளையும் ஊரில் பிறந்தவன் என்ற முறையில் அந்தக் காட்சி எனக்குக் கண்முன் நிற்கிறது: காவலுக்குப் படுத்திருக்கும் மனிதர், நிலா வெளிச்சம், செடியைப் பிடுங்கும் சரசரப்பு, பன்றி என்று எண்ணி விரட்ட எழும் குரல்.

ஆண்டர்சன் இந்தக் கரடியைத் தேடிப் போனது அரசு அழைத்ததனால் அன்று. அரசிக்கெரெ – சிமோகா சாலையோரம் சிறிய தர்கா ஒன்றைப் பராமரித்துவந்த முதியவர் அவருக்கு நண்பர். இரவில் வீட்டுக்கு வெளியே வந்த அவருடைய 22 வயது மகனைக் கரடி கொன்றுவிட்டது. மகனை இழந்த தந்தை விடுத்த வேண்டுகோளே ஆண்டர்சனைக் கிளப்பியது. முதல் முயற்சியில் கரடி கண்ணில் படவில்லை. மறுமுறையும் அப்படியே. இடையில் அது சிக்மகளூர் மாவட்டத்துச் சக்ரேபட்ணாப் பக்கம் இடம் மாறி, அங்கும் உயிர்களைப் பறித்தது. மூன்றாம் முறைதான் ஆண்டர்சனின் குண்டு அதைச் சாய்த்தது.

சுட்ட கதையை விட, சுடுவதற்கு முன் அவர் கேட்ட கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்தக் கரடி ஏன் இப்படி ஆனது? ஊர்கள் அதற்கு இரண்டு விடைகள் வைத்திருந்தன. குட்டிகளைப் பறிகொடுத்த தாய் பழிவாங்குகிறது என்பது ஒன்று. ஓர் இளம்பெண்ணைத் துணையாகக் கொள்ளக் கவர்ந்து சென்ற ஆண்கரடி, ஊரார் அவளை மீட்டுவிட்டதால் வெறிகொண்டது என்பது இன்னொன்று. இரண்டாவது கதைக்கு நம் கிராமங்களிலும் உறவுக் கதைகள் உண்டு. பெண்பிள்ளைகளைக் காட்டுப் பக்கம் விடாமலிருக்கச் சொல்லப்பட்டவையாக இருக்கலாம். ஆண்டர்சன் இவற்றையெல்லாம் ஏளனம் செய்யாமல் கேட்டு எழுதிவிட்டு, தம் கருத்தாக ஒன்றை மட்டும் சொன்னார்: முன்பு எப்போதோ மனிதக் கையால் காயப்பட்ட கரடியாக அது இருக்கவேண்டும்.

அதற்கு அவரிடம் உறுதியான சான்று இருந்ததாகத் தெரியவில்லை. ஊரார் சொன்ன கதைகளுக்கு இல்லாத மதிப்பை அவருடைய ஊகத்துக்கு நான் தருவது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. காயத்தைத் தேடுகிறவர், அடுத்த கரடியைச் சுடுவதற்கு முன் சற்று யோசிப்பார். மேலும், ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் குண்டுக் காயத்தையும் உடைந்த பல்லையும் முள்ளம்பன்றி முள்ளையும் தேடிப் பார்ப்பது அவர் பழக்கம். அவற்றில் பலவற்றுக்குச் சான்று கிடைத்தது.

இந்தக் கதையைப் படித்த ஆண்டில் ஒரு விடுமுறையின்போதுதான் சின்னத் தாத்தாவிடம் முதன்முறையாக அதைப் பற்றிக் கேட்டேன். அதுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லை. பெண்கள் அந்தக் கரடியைச் சபிப்பார்கள், அவர் பேசாமல் இருப்பார். அன்று திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னார். விடியற்காலையில் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் தனியே போனாராம். வழக்கமாகப் பாடிக்கொண்டு போவார். அன்று தொண்டைக் கட்டு. வளைவு திரும்பியதும் புற்றில் தலையைவிட்டுக் கரடி நின்றதாம். அவர் நின்றார்; அது திரும்பியது. இருவருமே பயந்துவிட்டோம் என்ற பொருளில்தான் அவர் பேச்சு அமைந்திருந்தது. வெறுப்பாக ஒரு சொல்லும் வரவில்லை. அன்று பாடியிருந்தால் அது விலகிப் போயிருக்கும் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். வெற்றிலை இடித்த கை அப்போது நின்றிருந்தது.

ஆண்டர்சனின் மற்ற இரண்டு கரடிகளுக்கு வருகிறேன். அவற்றில் ஒன்றை இந்தியாவில் லட்சக்கணக்கான மாணவர்கள் அறிவார்கள். மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்த தி பாண்ட் ஆஃப் லவ் என்னும் பாடம் அவர் எழுதியது. மைசூர் அருகே கரும்புக் காட்டில் கிடைத்த கரடிக் குட்டியைக் கோணிப்பையில் பெங்களூருக்குக் கொண்டுவந்து மனைவிக்குப் பரிசளிக்கிறார். புட்டிப்பால் குடித்த புரூனோ, சில நாள்களில் கஞ்சி, கறி, சோறு, மிட்டாய் என எதையும் விடாமல் தின்கிறது. எலிகளுக்காக நூலகத்தில் வைத்த பேரியம் கார்பனேட் நஞ்சைத் தின்று கால்கள் முடங்கிப்போகிறது. கால்நடை மருத்துவர் இருமுறை ஊசி போட்டுக் காப்பாற்றுகிறார். இன்னொரு நாள், கறையானுக்கு ஊற்ற எடுத்து வைத்திருந்த கழிவு எஞ்சின் எண்ணெயை ஏறக்குறைய ஒரு காலன் குடித்துவிட்டு ஒன்றுமே ஆகாததுபோல் திரிகிறது. கறையானுக்கு வைத்ததைக் கறையான் தின்னும் விலங்கே குடித்ததை என் மாணவர்கள் மிகவும் ரசிப்பார்கள்.

வளர்ந்தபின் பாபா என்று பெயர் மாற்றப்பட்ட அந்தக் கரடியை, குடியிருப்புப் பிள்ளைகளுக்காகச் சங்கிலியில் கட்டவேண்டி வருகிறது. வேறு வழியின்றி மைசூர் விலங்குக் காட்சிச் சாலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது உண்ண மறுக்கிறது. இங்கே திருமதி ஆண்டர்சன் ஆற்றாமையில் தவிக்கிறார். மூன்று மாதங்களுக்குப் பிறகு அவர் மைசூருக்குப் போய்க் கூண்டருகே நின்றபோது, மறந்திருக்கும் என்று எல்லாரும் சொன்ன கரடி அவரை அடையாளம் கண்டு, மகிழ்ச்சியில் தலைகீழாக நிற்கிறது. மூன்று மணி நேரம் அவர் அதைவிட்டு நகரவில்லை. முடிவில் உரிய அதிகாரியின் இசைவோடு பாபா பெங்களூர் திரும்புகிறது. அதற்கென வீட்டு வளாகத்தில் 20 அடி நீளம், 15 அடி அகலத்தில், சுற்றிலும் வறண்ட அகழி வெட்டிய தீவு ஒன்று அமைக்கப்படுகிறது.

அரசுப் பணியில் ஓய்வுபெற்றபின் சில ஆண்டுகள் மத்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பித்தேன். ஆண்டுதோறும் இந்தப் பாடத்தை நடத்துவேன். அன்பு, பிரிவு, மீட்பு என்று கரும்பலகையில் எழுதி, தேர்வில் வரக்கூடிய வினாக்களையும் சொல்லிவிடுவேன். குட்டி எப்படிக் கிடைத்தது என்பதை ஒரே வரியில் கடந்துவிடுவேன். ஒரு வகுப்பில் பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, செத்துப்போன அம்மா கரடிக்கும் அந்தக் குட்டிக்கும் இருந்தது என்ன பிணைப்பு என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் பாடத்தில் உள்ளதைக் கேள் என்று உட்காரவைத்துவிட்டேன். அது பாடத்தில்தான் இருந்தது. முதல் பத்தியிலேயே இருந்தது.

கரும்புக் காட்டில் பன்றி வேட்டை நடக்கிறது. வெயிலில் மூச்சிரைக்கப் பெண்கரடி ஒன்று வெளியே வருகிறது. தேவையின்றிக் கரடியைச் சுடுவதில்லை என்பது ஆண்டர்சனின் கொள்கை. உடன் வந்தவர் ஒருவருக்கு அந்தக் கொள்கை இல்லை, அவர் சுட்டுவிடுகிறார். விழுந்து கிடக்கும் உடலின் முதுகில் கரிய முடி அசைகிறது. முடியன்று, குட்டி. தாய்க்கரடி தன் குட்டிகளை முதுகில் சுமந்துதான் காட்டில் திரியும். இறங்கிய குட்டி, தாயைச் சுற்றிச்சுற்றி ஓடி அழுகிறது. அதன் பிறகுதான் கோணிப்பை, பெங்களூர், கழுத்தில் வண்ண நாடா எல்லாம்.

அந்த மாணவிக்கு நான் தராத விடையைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். நண்பர் துப்பாக்கியை உயர்த்தியபோது ஆண்டர்சன் தடுக்கவில்லை. தடுக்க நேரமிருந்ததா என்பதும் நமக்குத் தெரியாது. குட்டியை அங்கேயே விட்டிருந்தால் அது இறந்திருக்கும். ஆகவே எடுத்துவந்ததில் பிழையில்லை எனலாம். ஆனால் பரிசாகக் கொடுத்த அந்த மகிழ்ச்சி ஒரு கொலையின்மீது எழுந்தது என்பதையும் மறைக்க முடியாது. ஆண்டர்சன் மறைக்கவுமில்லை. குட்டி தாயைச் சுற்றி ஓடியதை எழுதாமல், காட்டில் அநாதையாகக் கிடைத்தது என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கதையின் தொடக்கத்திலேயே அந்தப் பிணத்தைக் கிடத்திவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறார். மறைத்தது நான். மதிப்பெண்ணுக்கு வராத பத்தி என்று ஒதுக்கினேன்.

நாகவாரக் குன்றுகளில் ஊரார் சொன்ன முதல் விடை, குட்டியைப் பறிகொடுத்த தாய் என்பது. இங்கே தாயைப் பறிகொடுத்த குட்டி. மனிதரிடம் அடிபட்ட கரடிதான் கொலைகாரக் கரடியாகும் என்று எழுதியவர், தாம் நின்ற இடத்திலேயே ஒரு கரடி காரணமின்றிச் சாவதைப் பார்த்தார். அந்தத் தோட்டா சற்று விலகிக் காலில் பட்டிருந்தால், காயத்தோடும் முதுகில் குட்டியோடும் அந்தத் தாய் ஏதோ ஒரு குன்றுக்குத் தப்பியிருக்கும். அடுத்த கடலைப் பருவத்தில் ஒரு காவல்காரர் அதை எதிர்கொண்டிருப்பார்.

பிற்காலத்தில் ஆண்டர்சன் துப்பாக்கியைக் குறைத்துக்கொண்டு புகைப்படக் கருவியோடு காட்டுக்குப் போனார். காடும் விலங்கும் அழிவதைப் பற்றிக் கவலையோடு எழுதினார். மனம் மாறிய வேட்டைக்காரர் என்று அவரை வாழ்த்துவோர் உண்டு. சுட்டு முடித்தபின் வந்த ஞானம் என்று சாடுவோரும் உண்டு. இரு சாராரும் அவரை அவசரமாகப் படித்தவர்கள் என்பேன். ஆட்கொல்லியைச் சுடும் அதே பக்கத்தில் காட்டின் இரவைக் காதலிக்கிறார். கடைசிவரை அப்படித்தான் இருந்தார். கன்னடத்தில் அவருடைய கதைகளைப் பெயர்த்தவர் குவெம்புவின் மகனான பூர்ணசந்திர தேஜஸ்வி. ஒரு பெரும் எழுத்தாளர் தம் நேரத்தைச் செலவிட்டுப் பெயர்க்கும் தகுதி அவற்றுக்கு இருந்திருக்கிறது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று கரடி அதன் முதல் பட்டியலில் இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தென்றாலும், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து வடிவில் ஆணையிடாமல் ஒரு கரடியைக் கொல்ல முடியாது. சட்டம் வந்து இரண்டாண்டுகள் கழிந்தபின், 1974 ஆகஸ்ட் 30 அன்று, புற்றுநோயால் ஆண்டர்சன் காலமானார். மகன் டொனால்டும் வேட்டைக்காரராகவே பெயர் பெற்றவர். அவரும் 2014-இல் மறைந்தார்.

கரடிகள் நம் செய்திகளில் இன்றும் வருகின்றன. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே உலவும் கரடிகள் கோயில் கதவை உடைத்து விளக்கெண்ணெயைக் குடித்துப் போவது வாடிக்கையாகிவிட்டது. சிவ பூஜையில் கரடி என்னும் பழமொழியில் வருவது விலங்கன்று, கரடிகை என்னும் இசைக்கருவி என்று தமிழாசிரியர்கள் விளக்குவார்கள். நீலகிரி அர்ச்சகர்களிடம் அந்த விளக்கம் செல்லாது. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே, சாலையில் சென்ற வியாபாரி ஒருவரையும் அவரைக் காப்பாற்ற ஓடியவர்கள் இருவரையும் ஒரு கரடி கொடூரமாகக் கடித்துக் குதறியது. மயக்க ஊசி செலுத்திப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விடப்பட்ட அந்தக் கரடி பிழைக்கவில்லை. அந்த மூவரின் காயங்களைப் பற்றிய செய்தியைப் படித்தபோது துண்டால் மறைத்த ஒரு முகமே எனக்கு நினைவில் வந்தது. அவர்களுக்குத் தரப்படும் இழப்பீடு, சிகிச்சை, வேலை பற்றிய பேச்சு இரண்டு நாளில் ஓய்ந்துவிட்டது. கரடி ஏன் அங்கே வந்தது என்ற கேள்வி அவ்வளவு நாள்கூட நீடிக்கவில்லை.

கரடிக்காரர்கள் இப்போது வருவதில்லை. 2009-ஆம் ஆண்டுடன் தெருக் கரடியாட்டம் நாட்டில் முடிவுக்கு வந்ததாக மீட்புப் பணியினர் அறிவித்தார்கள். அப்படி மீட்கப்பட்டவற்றில் பல, ஆண்டர்சனின் பெங்களூரை அடுத்த பன்னேருகட்டாவில் வாழ்நாளைக் கழித்தன. ஆட்டக் கரடிகளைப் பிடித்த முறையைப் பற்றிப் பின்னாளில்தான் படித்தேன். குகையிலோ முதுகிலோ குட்டியோடு இருக்கும் தாயைக் கொல்வார்கள்; குட்டியை எடுத்து, சூடேற்றிய ஊசியால் முகவாயைத் துளைத்துக் கயிறு கோப்பார்கள். எங்கள் தெருவில் உடுக்கைக்குக் கால்மாற்றி நின்ற அந்தக் கரடியும் அப்படித்தான் வந்திருக்கும். தாயின் முதுகிலிருந்து இறக்கப்பட்ட ஒன்றின் முதுகில்தான் அம்மா என்னை ஏற்றி உட்காரவைத்திருக்கிறார்.

தாயத்து இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மாவின் தகரப்பெட்டியில், குலதெய்வத் திருநீற்றுப் பொட்டலத்துக்கு அருகில், களிம்பேறிய செப்புக் குப்பியாகக் கிடக்கிறது. அதனுள் இருப்பது கரடி முடிதானா, கரி பூசிய தேங்காய் நாரா என்று நான் திறந்து பார்க்கவில்லை. முடியாக இருந்தால் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். நாராக இருந்தால் அம்மாவுக்கு நாலணா நட்டம்.